கார்டுக்காரர் முகவரிக்கு மட்டும்

1

பெறுநர் ஊர் மாறிப் போயிருந்தால், அவர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டதன் பேரில், அவருக்கு வரும் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளூரிலேயே வேறு இடத்தில் கொடுக்கச் சொன்னால் அங்கே கொடுக்க வேண்டும். பொருளுக்குப் பணம் கட்டியவர் யார், அவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதெல்லாம் தபால்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக, சர்வீஸ் முழுக்க நான் கடைப்பிடித்த விதி இது. மெல்போர்னில் ஓர் இன்டர்நெட் கடைக்கு இந்த விதி பொருந்தாது என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் இங்கு வந்து ஒரு வருடம் நிறைந்துவிட்டது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தேன். வழக்கமாக இதற்கு மனைவிதான் விமானம் ஏறுவாள். கணவன் ஊரில் ஹோட்டல் சாப்பாட்டோடு மல்லுக்கட்டுவான். எங்கள் வீட்டில் மாறிவிட்டது. நான் போஸ்ட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் மனைவி சரோஜா ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் பள்ளியில் இன்னும் ஆசிரியை. அடுத்த மே மாதம்தான் அவளுக்கு ஓய்வு. தினமும் இராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். மகன் செல்வமும் மருமகள் உஷாவும் வேலைக்குப் போவதால், வேலையில்லாத நான் இறக்குமதி செய்யப்பட்டேன்.

காலையில் பிரியாவைப் பள்ளியில் விடுவேன். திரும்பி வந்து துணி மடிப்பேன். பிற்பகலில் போய்க் கூட்டி வருவேன். அவளுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரிகிறது. ஆனால் அவள் தோழி கூட வரும் நாட்களில் நான் கேட்பது அவளுக்குக் காதில் விழுவதில்லை. அவளுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. தோழி போனதும் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். செல்வமும் அப்படித்தான், வயது மட்டும் வேறு. அவன் அலுவலக நண்பர்கள் வந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். போகச் சொன்னவர் யாரும் இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் செல்வம் ஒரு யோசனை சொன்னான். அம்மா ஓய்வு பெற்றதும் இருவரும் இங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிட வேண்டும், அதற்கு மனு போட வேண்டும், இராஜபாளையத்து வீட்டை விற்றுவிடலாம். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மனுவில் அவள் கையெழுத்தும் வேண்டும். ஆகவே அவளைக் கேட்க வேண்டும்.

கேட்டேன். கடிதத்தில் விஷயங்களுக்கு எண் போட்டு எழுதுவது என் வழக்கம். ஒன்று, வீட்டு வரி கட்டியாயிற்றா. இரண்டு, கிணற்று மோட்டார் பழுது பார்த்தாயிற்றா. மூன்று, பணி ஓய்வுக்குப் பின் இங்கு வந்து நிரந்தரமாகத் தங்க உனக்கு ஆட்சேபம் உண்டா. நான்கு, முட்டிவலி எப்படி இருக்கிறது. பதில் ஒழுங்காக வந்தது. வரி கட்டியாயிற்று, மோட்டார் ஓடுகிறது, முட்டிவலி மழைக்கு முன்னால் மட்டும். மூன்றாவதற்குப் பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அதற்கும் வரி, மோட்டார், முட்டி. அலுவலகமாக இருந்தால் அடுத்து விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருப்பேன்.

2

போனில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பி.பி. நம்பர்தான். கல்யாணப் பத்திரிகையில் நம்பருக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டு போனை நம் போன் மாதிரி ஊருக்கெல்லாம் அறிவிப்போமே, அதேதான். எங்களுக்கு அடுத்த வீடு வெங்கட்ராஜாவுடையது. முன்பக்கம் பேண்டேஜ் யூனிட், பின்பக்கம் குடியிருப்பு. ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியைச் சுருட்டி வெட்டும் மிஷின் ஒன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சுருள்களைக் கவரில் போடுவார்கள். போன் அவர்கள் நடுவில், வெங்கட்ராஜாவின் மேஜை மேல்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அன்று காலை அங்கே பத்து மணி அளவில் நான் கூப்பிடுவேன். வெங்கட்ராஜா எடுத்து, முதலில் மெல்போர்னில் மழை உண்டா என்று விசாரிப்பார். பிறகு ஓர் ஆளை அனுப்புவார். நான் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட வேண்டும். இதற்குள் போன் கார்டில் பாதி கரைந்திருக்கும். இரண்டாம் முறை, வாங்க என்று தெலுங்கில் அழைக்கும் அவர் குரல் கேட்கும்: "ரண்டி அக்கா, சார் லைன்ல இருக்காரு." அடுத்து அவர் செய்வதுதான் சிக்கல். டீச்சர் பேசுகிறார் என்று மரியாதைக்காக மிஷினை நிறுத்திவிடுவார்.

மிஷின் நின்றதும் அங்கே இறங்கும் அமைதியை நான் மெல்போர்னிலிருந்தே கேட்டிருக்கிறேன். பெண்கள் கவரில் போடும் சரசரப்பு கூட நிற்கும். அத்தனை பேர் நடுவில் சரோஜா, பள்ளி ஆண்டு விழாவில் அறிக்கை வாசிப்பது போல, "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீகளா. பிரியா நல்லா இருக்காளா. வைக்கட்டுமா" என்பாள். ஒருமுறை நான் குரலைத் தாழ்த்தி, மூணாவது விஷயம் என்னாச்சு என்று கேட்டேன். அவள் பதில் சொல்லுமுன் வெங்கட்ராஜாவின் குரல் கேட்டது.

"அக்கா, எந்த விஷயமா இருந்தாலும் சாரு வந்த பொறவு பேசிக்கிடலாம்னு சொல்லுங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போனைக் கொடுத்தவருக்குப் பேச்சில் ஒரு பங்கு உண்டு என்பது எங்கள் தெருவில் யாரும் எழுதிவைக்காத விதி.

இராஜபாளையத்தில் செல்போன் கோபுரம் வந்துவிட்டது என்று சரோஜாவே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். மில் முதலாளிகள் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறார்களாம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவள் கையில் ஒரு செல்போன் இருந்தால் மொட்டைமாடிக்குப் போய் நின்று, மலையைப் பார்த்தபடி, மனதில் இருப்பதைச் சொல்வாள். ஆட்சேபம் உண்டு அல்லது இல்லை. இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும். அவளுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

3

செல்வம் கம்ப்யூட்டரில் கடையைத் திறந்து கொடுத்தான். மோடம் கொஞ்ச நேரம் கரகரவென்று கத்தி அடங்கியது. போனைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்தது. முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் தொல்லை தொடங்கியது.

மாநிலம் கேட்டது. பட்டியலில் விக்டோரியா இருந்தது, குவீன்ஸ்லாந்து இருந்தது, தமிழ்நாடு இல்லை. பின்கோடு கேட்டது. எங்கள் பின்கோடின் ஆறு எண்களில் முதல் நான்கை ஏற்றுக்கொண்டு, மீதி இரண்டை உள்ளே விட மறுத்தது. அந்த நான்கை வைத்து, இராஜபாளையம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்று அதுவாகவே முடிவு செய்தது. பிரியா பக்கத்தில் நின்று சிரித்தாள். சரி, இந்த வீட்டுக்கே வரவழைத்து, ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மெல்போர்ன் முகவரியைப் போட்டேன். அதையும் ஏற்கவில்லை. கிரெடிட் கார்டின் கணக்கு விவரம் எந்த முகவரிக்குப் போகிறதோ அங்கேதான் அனுப்புவோம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

கார்டு செல்வத்தினுடையது. கணக்கு விவரம் எங்கே போகிறது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். போன வருடம்தான் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு வந்தார்கள். மின்சாரத்துக்கு மாற்றினான், டெலிபோனுக்கு மாற்றினான், கார்டுக்கு மாற்றவில்லை. பணத்தைக் கம்ப்யூட்டரிலேயே கட்டிவிடுவதால் தேவைப்படவில்லையாம். ஆக, அந்தக் கடையின் கணக்குப்படி என் மகன் இன்னும் சிட்னியில், இப்போது யாரோ குடியிருக்கும் வீட்டில் வசித்து வருகிறான். அங்கே மட்டும்தான் போனை அனுப்புவார்கள். போஸ்ட்மாஸ்டர் மகன் செய்யும் காரியமா இது என்று கேட்டேன். "அப்பா, இங்க யாரும் லெட்டர் பாக்குறதில்லப்பா" என்றான்.

கடைக்குப் போன் செய்தேன். விதியை விளக்கினேன். முகவரி மாறியதற்குச் சான்று தருகிறோம், எழுத்து மூலம் கேட்டுக்கொள்கிறோம் என்றேன். ஆவன செய்யவும் என்று நாம் மனுவின் கடைசியில் எழுதுவோமே, அதன் ஆங்கிலத்தை அப்படியே சொன்னேன். எதைச் செய்ய வேண்டும் என்று போனை எடுத்த பெண் உண்மையாகவே கேட்டாள். எங்கள் ஊரில் அந்தச் சொற்றொடருக்கு யாரும் அர்த்தம் கேட்டதில்லை. அதைப் பார்த்ததும் கோப்பு அடுத்த மேஜைக்கு நகரும். திருட்டுக் கார்டில் பொருள் வாங்கி வேறு வீட்டுக்கு வரவழைக்கிறார்கள், உங்கள் பாதுகாப்புக்குத்தான் இந்த ஏற்பாடு என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். நியாயம்தான். ஈமெயிலில் ஒரு விரிவான மனுவும் அனுப்பிவைத்தேன். உங்கள் கேள்வி கிடைத்தது என்று உடனே பதில் வந்தது. அதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

அன்று துணி மடிக்கும்போது எண்பதுகளின் இராஜபாளையம் நினைவுக்கு வந்தது. அப்போது அங்கே ஒரு சின்னத் தபால் அலுவலகம் என் பொறுப்பில் இருந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வடக்கே எழுதிப் போட்டால் வி.பி.பி.யில் டிரான்சிஸ்டர் வரும். பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். நூல் மில்லில் மூன்று ஷிப்ட். ஆட்கள் பகலில் வீட்டில் இருந்தால் தூங்குவார்கள், இல்லாவிட்டால் மில்லுக்குள் இருப்பார்கள். மில் கேட்டில் தபால்காரரை உள்ளே விடமாட்டார்கள். அதனால் மில் ஆட்கள் தங்களுக்கு வரும் தபாலுக்குக் கேட் எதிரே இருந்த டீக்கடையை முகவரியாகக் கொடுத்தார்கள். சோழபுரத்திலிருந்து வேலைக்கு வந்த சண்முகையா என்பவர் அங்கேதான் டிரான்சிஸ்டர் வாங்கினார்.

புதிதாக வந்த ஆய்வாளர், டீக்கடை எப்படி ஒருவருக்கு வீடாகும் என்று குறிப்பு எழுதினார். நான் சண்முகையாவையே அழைத்து நிறுத்தினேன். ஆய்வாளர் கேட்டார், உன் வீடு எங்கே இருக்கிறது என்று.

"வீடு சோழபுரத்துல இருக்கு சார். ஆளு இங்க இருக்கேன். தபாலு வீட்டுக்கா, ஆளுக்கா?"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். எழுத்து மூலம் கேட்டுக்கொண்டதன் பேரில் என்று ஒரு வரி சேர்த்து, கோப்பை முடித்தோம்.

எங்கள் ஊரில் முகவரி என்பது ஆள் அகப்படும் இடம். இங்கே அது கணக்கு இருக்கும் இடம். இரண்டிலும் தவறில்லை. ஆனால் எனக்கு இங்கே கணக்கும் இல்லை. நூலக அட்டையிலிருந்து டாக்டர் சீட்டு வரை என் பெயருக்குக் கீழே, மகனின் மேற்பார்வையில், அதாவது கேர் ஆஃப், என்றுதான் எழுதுகிறார்கள். ஊரில் அந்த ஒற்றை வரியை லாட்ஜில் தங்கியவர்களுக்கும் வேலை தேடி வந்தவர்களுக்கும் போட்டுப் பழகியவன் நான்.

சில நாட்களில் கடையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. முகவரியைச் சரிபார்க்க முடியாததால் ஆர்டர் ரத்தாகிவிட்டது. பேங்கில் முகவரியை மாற்றிவிட்டு மறுபடி போடலாம் என்றான் செல்வம். அதற்கும் ஒரு படிவம் உண்டாம், வேலை குறைந்ததும் பார்க்கிறானாம். விசாவை ஏற்கனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று. குடியேற்ற மனுவை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

4

அடுத்த சனிக்கிழமை பி.பி. நம்பரையே கூப்பிட்டேன். இந்த முறை ஓர் உத்தி வைத்திருந்தேன்.

"வெங்கட்ராஜா, டீச்சர் வந்ததும் மிஷினை நிறுத்த வேண்டாம். ஓடட்டும்" என்றேன்.

"ஓடினா அக்காவுக்கு எப்பிடி சார் காது கேக்கும்?"

"கேட்கும். நீங்க ஓட விடுங்க."

மிஷின் ஓடினால் அவள் சொல்வது யார் காதிலும் விழாது. செல்போனே தேவையில்லை. இந்த எளிய வழி ஒரு வருடமாக எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கேட்கிறவளுக்கும் கேட்காது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சரோஜா வந்தாள். நான் தயாரித்து வைத்திருந்தபடி, பணி ஓய்வுக்குப் பின் இங்கு நிரந்தரமாகத் தங்குவது தொடர்பாக உன் கருத்து என்ன என்று கேட்டேன்.

"என்னங்க? ஒண்ணும் கேக்கல."

குரலை உயர்த்தினேன். நீ ரிட்டயர் ஆனதும் இங்கே வந்துவிடுகிறாயா என்று கேட்டேன்.

"சத்தமாச் சொல்லுங்க, மிஷினு ஓடுது."

கார்டில் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று இடையில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரித்தது. நீளமாகக் கேட்க நேரமில்லை. வாயில் வந்ததை, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"நான் அங்க வந்துடட்டுமா?"

கேட்க நினைத்தது அது அல்ல. எந்தக் கடிதத்திலும் எழுதாதது அது. மிஷின் சத்தத்துக்கு நடுவில் அவள், "செத்த நேரம் இருங்க" என்றாள். மிஷினை நிறுத்தச் சொல்லப் போனாளோ, நகர்ந்து நிற்கப் போனாளோ தெரியாது. கார்டு தீர்ந்து தொடர்பு அறுந்தது.

திரும்பினால் சமையலறை வாசலில் செல்வம் நின்றுகொண்டிருந்தான். கையில் கழுவிய தட்டு. உஷா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். இராஜபாளையத்துப் பெண்கள் காதில் விழக்கூடாது என்று நான் செய்த ஏற்பாட்டில், விழக்கூடாத காதில் விழுந்துவிட்டது.

அவன் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இங்க உங்களுக்கு என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லப்பா" என்றேன். அது உண்மைதான். குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால் அவனுக்கும் சுலபமாக இருந்திருக்கும், எனக்கும். மனுப் படிவம் இருந்த கோப்பு சாப்பாட்டு மேஜையில் இருந்தது. மறுநாள் அதைக் காணவில்லை. பிரியா மட்டும், தாத்தா ஏன் போனில் சண்டை போட்டார் என்று இரண்டு நாள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டேன். டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருக்கிறார் என்றார் வெங்கட்ராஜா. விடுமுறை நாளில் அங்கே என்ன வேலை என்று கேட்டேன். தெரியாது என்றார். அவருக்குத் தெரியாத விஷயம் எங்கள் தெருவில் இருக்க முடியாது. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அவள் இல்லை. கடிதமும் வரவில்லை. வரி, மோட்டார், முட்டிவலி எதுவும் இல்லை. பிற்பகலில் பள்ளி வாசலில் குளிரில் நிற்கும்போது, கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும். கேட்டது நான்தானா என்றும் தோன்றும்.

5

பிரியாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிரியா ஓடிப்போய் எடுத்து, ஆங்கிலத்தில் யார் என்று கேட்டு, பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நான்தான்" என்றாள் சரோஜா. பின்னால் மிஷின் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை.

"வெங்கட்ராஜா யூனிட்லருந்தா பேசுறே?"

"இல்ல. நம்ம வீட்டுலருந்து. போன் வந்துருச்சு. இப்பத்தான் லைன்மேன் மாட்டிட்டு டீ குடிச்சிட்டுப் போறாரு."

"இன்னிக்கு உங்க பக்கம் உள்ளூர் விடுமுறை இல்லையா?"

"எனக்கு லீவு. அவரு மத்திய சர்க்காரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இன்னொன்றும் தெரியும். எங்கள் பக்கம் போன் கேபிளுக்குக் காத்திருப்பவர்கள் பட்டியல் எப்படி நகரும் என்பது, தபாலும் டெலிபோனும் ஒரே துறையாக இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். இன்று போன் வர வேண்டுமானால் அவள் எப்போது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் பின்னோக்கிப் போனேன். என் முதல் கடிதத்தைத் தாண்டிப் போயிற்று.

"எப்ப மனு கொடுத்தே?"

"நீங்க பிளேன் ஏறின மறு வாரம். இப்ப ரெண்டு சனிக்கிழமையா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கே நேர்ல போயி, அங்க பேசுறதுக்கு ஐ.எஸ்.டி.க்கும் தனியா எழுதிக் கொடுத்தேன். எல்லாம் உங்க பேர்லதான்."

"என் பேர்ல கொடுக்க என் கையெழுத்து வேணுமே."

"போட்டேன். முப்பது வருஷமாப் பாக்குதேன், எனக்குப் போடத் தெரியாதாக்கும்."

அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"எழுதினா நீங்க பதிலுக்கு நாலு பாயிண்டு எழுதுவீக. ஆட்சேபம் உண்டா, ஆட்சேபம் உண்டான்னே கேட்டுக்கிட்டு இருந்தீக. அதுக்கு என்ன பதில் எழுத? அன்னைக்கித்தான் ஒழுங்காக் கேட்டீக. கெளம்பி வாங்க. பிரியாவ லீவுக்கு அனுப்பச் சொல்லுங்க. இப்ப நம்பர எழுதிக்கோங்க, இது நிமிசத்துக்கு எம்புட்டு ஆகுமோ."

எழுதிக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. பிரியா வந்து தமிழில் சொன்னாள். மாலையில் செல்வம் வந்ததும் அந்த நம்பரைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, பி.பி. இல்லையாப்பா என்று கேட்டான். இல்லை என்றேன். எந்த மாதத்துக்கு டிக்கெட் பார்க்கட்டும் என்றான்.

வந்த தபாலில் தேதி முத்திரை குத்தி வைப்பது பழைய பழக்கம். பதில் கிடைத்தது, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த ஆடிப்பூரத்தன்று.